நான் பார்க்காத புலி

காட்டில் நான் புலியைப் பார்த்ததில்லை. வண்டலூரில் பார்த்திருக்கிறேன், மைசூரில் பார்த்திருக்கிறேன். கம்பிக்குப் பின்னால் இருப்பதெல்லாம் கணக்கில் வராது. ஆனால் 2014 கோடை விடுமுறையிலிருந்து, முதுமலையில் புலி பார்த்தவன் என்ற பெயரோடு நடமாடிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் சொன்னேன். அலுவலகத்தில் சொன்னேன். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஊட்டி என்று பேச்செடுத்தால் போதும், பாயசம் வருவதற்குள் புலியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவேன். கடைசியில் ஒரு பத்திரிகையில் நாலு பக்கத்துக்கு எழுதியும் விட்டேன்.

புலி பார்த்தேன் என்று ஒருத்தன் அளந்துவிட்டால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நானும் பல வருஷம் அப்படித்தான் கேட்டுச் சமாதானம் ஆகிக்கொண்டேன்.

எல்லாம் என் மச்சானால் வந்தது. அவரைக் குறை சொல்லவில்லை, தங்கமான மனிதர். ஆனால் அதற்கு முந்தின வருஷம் குடும்பத்தோடு கபினிக்குப் போய்விட்டு வந்து, தான் எடுத்த புலிப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். பாதையைக் குறுக்கே கடக்கிற புலி. போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் காபி டம்ளர் கையில் வருவதற்கு முன் அந்தப் படத்தின் கதை வந்துவிடும். "மாப்ள, நீங்க ஒருதடவை போகணும்" என்று என்னிடம் சொல்வார். அந்தக் குரலில் இருந்த பரிவுதான் என்னைச் சுட்டது. காடு, பறவை, புத்தகம் என்று பேசிக்கொண்டு திரிகிறவன் நான். நெல் மண்டி வைத்திருக்கிற அவர் முதல் தடவையே புலி பார்த்துவிட்டார்.

கபினிக்கே போயிருக்கலாம். கோடையில் நீர்த்தேக்கம் வற்றி, கரையெல்லாம் புல் முளைத்து, யானைகள் கூட்டம் கூட்டமாக வந்து நிற்கிற திறந்த வெளி அது. கண்ணுக்கு மறைப்பு குறைவு. ஆனால் அவர் போன இடத்துக்கே போய் அவர் பார்த்ததையே பார்ப்பதா என்ற வீம்பு. முதுமலை என்று முடிவு செய்தேன். 1940இல் சரணாலயமாகி, 2007இல் புலிகள் காப்பகமான காடு. வடக்கே பந்திப்பூர், மேற்கே வயநாடு, கிழக்கே சீகூர் பீடபூமி வழியாகச் சத்தியமங்கலம். காடுகளுக்குள் மாநில எல்லை என்பது வரைபடத்தில்தான் இருக்கிறது. இவற்றோடு நாகரஹோளேயையும் சேர்த்துப் பார்த்தால் உலகத்திலேயே புலிகள் அதிகமாக வாழ்கிற நிலப்பரப்புகளில் ஒன்று. 2022 கணக்கெடுப்பில் முதுமலைக்கு மட்டும் 114 புலிகள். ஆகவே புலி இல்லாத ஊரில் புலி பார்த்ததாகச் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். புலி இருந்தது. என் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

படாததற்குக் காரணம் உண்டு. தெப்பக்காட்டில் வனத்துறை வேனுக்குச் சீட்டு எடுத்து உள்ளே போனவர்களுக்குத் தெரியும், பாதையின் இரண்டு பக்கமும் உண்ணிச்செடி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட பூச்செடி, தோட்டத்தை விட்டு இறங்கி மலை மலையாகப் பிடித்துக்கொண்டது. ஆள் உயரத்துக்கு, சில இடத்தில் அதற்கும் மேல். அதற்குள் ஒரு யானை நின்றால்கூட முதுகு மட்டும்தான் தெரியும். புலி படுத்திருந்தால் பத்தடி தள்ளி வேன் போய்விடும். 2021இல் ஆட்களைக் கொன்றதாகக் கருதப்பட்ட டி-23 என்ற புலியைப் பிடிக்க இதே காட்டில் கும்கி யானை, மோப்ப நாய், டிரோன் என்று சகலத்தையும் இறக்கி, மூன்று வாரம் அலைந்துதான் உயிரோடு பிடித்தார்கள். ஒரு துறையே மூன்று வாரம் தேடியதை நான் ஒரு மணி நேர வேன் சவாரியில் பார்த்துவிட்டதாக அதற்கு ஆறு வருஷம் முன்பே அச்சில் போட்டிருந்தேன்.

அன்று நடந்தது இவ்வளவுதான். சாயங்கால வேன். நான், மனைவி, மூன்றாம் வகுப்பு முடித்திருந்த மகன். ஜன்னலோரம் அவன், நடுவில் நான். புள்ளிமான், மயில், ஒரு காட்டுமாடு, தூரத்தில் தந்தமில்லாத ஒரு யானை. திரும்புகிற வழியில் கடமான் ஒன்று "டாங்" என்று அடித் தொண்டையில் கத்தியது. ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். இன்னொரு முறை கத்தியது. புதரில் ஏதோ அசைந்தது, காற்றாகவும் இருக்கலாம். கொஞ்ச நேரம் கழித்து ஓட்டுநர், "இருந்துச்சு சார். போயிடுச்சு" என்று சொல்லிச் சாவியைத் திருப்பினார்.

இருந்துச்சு, போயிடுச்சு. நேர்மையான இரண்டு சொல். அதோடு திரும்பி வந்து படுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

நாங்கள் தங்கியிருந்தது மசினகுடிப் பக்கம் ஒரு விடுதி. ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ஒருவர் மெதுவாக வந்து, "நைட் ரைடு போலாமா சார்? கண்டிப்பா பாக்கலாம்" என்றார். அது சட்டவிரோதம் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை, வருகிற வழியெல்லாம் பலகை வைத்திருந்தார்கள். முதுமலை, பந்திப்பூர் வழியாகப் போகிற நெடுஞ்சாலையையே விலங்குகளுக்காக இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடுகிறார்கள் என்று நானே நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அன்று ராத்திரி பேரம் பேசி, கேட்டதில் கொஞ்சம் குறைத்து, குடும்பத்தை ஜீப்பில் ஏற்றினேன்.

ஜீப்பில் ஒரு பையன் நின்றுகொண்டு கைவிளக்கை இரண்டு பக்கமும் சுழற்றினான். வெளிச்சம் பட்ட இடத்திலெல்லாம் கண்கள். மான் கண், முயல் கண். ஒரு திருப்பத்தில் யானைகள். நாலைந்து பெரியவை, நடுவில் இடுப்பு உயரக் குட்டி. தண்ணிக்குப் போகிற நேரம் போலிருக்கிறது. விளக்கு மேலே பட்டதும் பெரியவை குட்டியைக் கால்களுக்கிடையில் தள்ளி மறைத்து, காதை விரித்துக்கொண்டு நின்றன. முன்னால் நின்ற ஒன்று தலையை ஆட்டி இரண்டு எட்டு வைத்தது. டிரைவர் ஆக்ஸிலேட்டரை அழுத்தி உறுமவிட்டார். அது நின்றது. குட்டி வீறிட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மகன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "போயிடலாம்பா" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இருடா, இதுக்கப்புறம்தான் புலி வரும்" என்றேன்.

வரவில்லை.

மறுநாள் காலை சீகூர்ப் பக்கம் போனபோது அதே டிரைவர் ஒரு மரத்தைக் காட்டி, "பிணந்தின்னிக் கழுகு சார், ரெண்டு உக்காந்திருக்கு" என்றார். வெள்ளைப் பிட்டத்துப் பாறு. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்த பறவை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து செத்த மாட்டின் உடம்பு வழியாக இவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்து, இந்தியாவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்தது. 2006இல்தான் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். தென்னிந்தியாவில் இவை இன்னும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற சில இடங்களில் மாயாற்றுப் பள்ளத்தாக்கு முக்கியமானது. புலியைவிட அரிய உயிர் என் தலைக்கு மேலே உட்கார்ந்திருந்தது. இதெல்லாம் அப்போதே படித்திருந்தேன். ஆனால், "சரி, நீ வண்டியை விடுப்பா" என்றேன். கழுகைப் பார்த்தேன் என்று மச்சானிடம் போய்ச் சொல்ல முடியுமா?

அவர் போன் வந்தது மதியம். "என்ன மாப்ள, பாத்தாச்சா?"

"பாத்தாச்சு மச்சான்."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் முந்திக்கொண்டது. மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அதற்குப் பிறகு வந்தவைதான் யோசித்துச் சொன்னவை: சாயங்கால வேன், கடமான் சத்தம், உண்ணிச்செடிக்குள்ளிருந்து முதலில் தலை, பிறகு தோள், ஒரு காது மட்டும் திரும்பி எங்கள் பக்கம் அசைந்தது, அப்புறம் அவசரமில்லாமல் நடந்து பாலத்தடியில் இறங்கியது. அவ்வளவையும் எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்கே ஆச்சரியம். படித்த புத்தகங்கள் அன்றைக்குத்தான் பயன்பட்டன. "போட்டோ?" என்று கேட்டார். "போனை எடுத்தா அந்த நிமிஷம் போயிடும் மச்சான். கண்ணால பாத்துக்கிட்டேன்" என்றேன். பொய்யனுக்குச் சமயத்தில் ஞானி மாதிரிப் பேச வந்துவிடுகிறது.

மச்சானுக்குச் சந்தேகம் வந்ததோ, வெறும் ஆசையோ தெரியாது. "பையன்கிட்ட குடுங்க" என்றார். கொடுத்தேன். "டேய், நீ பாத்தியாடா புலிய?" என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது. மகன் என் முகத்தைப் பார்த்தான். நான் தலையை ஆட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை, ஒன்றும் செய்யவில்லை. அவன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தேன். "ம்... பெரிசு மாமா" என்றான்.

அன்று சாயங்காலம் ஊட்டியில் அவன் கேட்ட சாக்லேட் எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். லஞ்சம் என்று அப்போது தோன்றவில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் விடுமுறையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்களாம். காது திரும்பியதையும் பாலத்தடியில் இறங்கியதையும் எழுதி, கைதட்டல் வாங்கி வந்தான். மனைவி இன்றுவரை ஒரு பொய்யும் சொன்னதில்லை. யாராவது புலிப் பேச்சை எடுத்தால் அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்து போய்விடுவாள். எங்கள் வீட்டில் அத்தனை முறை பால் காய்ந்ததில்லை.

பத்திரிகைக் கட்டுரை அடுத்த வருஷம். பொறுப்பாசிரியர் தெரிந்தவர். அனுபவம் ஒன்று கேட்டார். என் அனுபவங்களிலேயே மெருகேறியிருந்தது இதுதான். அதில் மா. கிருஷ்ணனை வேறு இழுத்துக்கொண்டேன். 1950இலிருந்து 1996இல் இறக்கும்வரை ஒரே நாளிதழில் இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதியவர் அவர். அணிலையும் காகத்தையும்கூடப் பொறுமையாகப் பார்த்து, பார்த்ததை மட்டும் எழுதினார். அவர் பெயருக்குப் பக்கத்தில் என் புலியை நிறுத்தினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது; அப்போது கூசவில்லை. கேமராவைத் தொடாமல் கண்ணால் பார்த்தேன் என்ற வரியைப் பாராட்டித்தான் அதிகக் கடிதங்கள் வந்தன.

மாட்டிக்கொள்ள ஒரே ஒரு முறை வாய்ப்பு வந்தது. ஓய்வுபெற்ற வனவர் ஒருவர் அஞ்சலட்டையில் எழுதியிருந்தார். புலியைக் கண்டு மரத்திலிருந்த மந்திகள் அபாயக் குரல் எழுப்பியதாக எழுதியிருந்தேன். அதே பத்தியில், பின்னணியில் புள்ளிமான்கள் அமைதியாக மேய்ந்துகொண்டிருந்தன என்றும் அழகுக்காகச் சேர்த்திருந்தேன். மந்தி தின்று உதிர்க்கிற தழைக்காக மான்கள் அந்த மரத்தடியிலேயே சுற்றும், மந்தி மேலிருந்து குரல் கொடுத்தால் கீழே ஒரு மானும் தலையைக் குனிந்திருக்காது, தாங்கள் பார்த்தது விநோதமாக இருக்கிறது, விவரம் எழுதினால் தெரிந்துகொள்வேன் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. பதில் போடவில்லை.

கட்டுரையைப் படித்தவர்கள் பலர் போன் செய்தார்கள். எங்கே தங்கினீர்கள், யாரைப் பிடித்தால் பார்க்கலாம்? வேனில் பார்த்ததாக எழுதியிருந்தேன். ஆனால் வேனில் கிடைக்காது என்று எனக்குத்தானே தெரியும். ஆகவே ஜீப்காரர் எண்ணைக் கொடுத்தேன். எத்தனை குடும்பத்துக்கு என்று எண்ணவில்லை. எண்ணியிருந்தால் அப்போதே நிறுத்தியிருப்பேனோ என்னவோ. போய் வந்த ஒருவர் வீடியோவை என்னிடம் காட்டினார். விளக்கு வெளிச்சத்தில் யானைகள் வட்டமாக நிற்கின்றன. இரண்டு பக்கமும் ஜீப். இந்தப் பக்கம் நகர்ந்தால் இந்த ஜீப் உறுமுகிறது, அந்தப் பக்கம் நகர்ந்தால் அது. உள்ளே சிரிப்புச் சத்தம். வட்டத்துக்குள் குட்டி இருக்கும் என்று எனக்குத் தெரியும், வீடியோவில் தெரியாவிட்டாலும். "எல்லாம் உங்களாலதான் சார்" என்று அவர் என் கையைக் குலுக்கினார். நான், "அருமை" என்றேன்.

என்னை ஏதாவது ஒரு சொல்லுக்காகத் தண்டிப்பதென்றால் "பாத்தாச்சு" என்பதற்காக வேண்டாம். இந்த "அருமை"க்காகத் தண்டிக்கலாம்.

சீகூர் யானை வழித்தடம் பற்றி அரசு 2010இல் அறிவிக்கை வெளியிட்டது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. விடுதிக்காரர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அறிவிக்கை செல்லும் என்று சொன்னது. ஆக, நான் போன 2014இல் வழக்கு நடந்துகொண்டிருந்தது, செய்தித்தாளில் வந்துகொண்டிருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய்வருகிற குறுகலான நிலம் அது. நாங்கள் தங்கின விடுதி அந்த வழியில் இருந்ததா? நான் கேட்கவில்லை. சுற்றிலும் மின்வேலி இருந்தது. ராத்திரி வேலிக்கு அந்தப் பக்கம் கிளை முறிகிற சத்தம் கேட்டது. பால்கனியில் உட்கார்ந்து கேட்டு ரசித்தேன். கட்டுரையில் அதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தேன்.

2021 ஜனவரியில் மசினகுடியில், விடுதிப் பக்கம் வந்த யானையின் மேல் எரிகிற பொருளை வீசிய காட்சி வெளியே வந்தது. தலையில் தீயோடு அது இருட்டுக்குள் ஓடுகிறது. அந்த யானை செத்துப்போனது. நாடே பார்த்துப் பதைத்தது. நான் வேறொன்றையும் பார்த்தேன்: வெளிச்சத்தைக் காட்டி, சத்தத்தைக் காட்டி, யானையை வேடிக்கைப் பொருளாக்கி விரட்டுகிற பழக்கத்துக்கு என் காசும் போயிருக்கிறது, நான் அனுப்பிய ஆட்களின் காசும் போயிருக்கிறது. தீ வைத்தவர்கள் வேறு. அதைச் சொல்லி நான் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. அன்றைக்குத்தான் ஜீப்காரர் எண்ணை அழித்தேன். புலிக் கதையை அதற்குப் பிறகும் விடவில்லை. அதுதான் வேடிக்கை. இரண்டும் ஒன்றிலிருந்து வந்தவை என்று ஒத்துக்கொள்ள இன்னும் சில வருஷம் பிடித்தது.

போன தீபாவளிக்கு மகன் கல்லூரியிலிருந்து வந்திருந்தான். காட்டுயிர் படிக்கவில்லை, கணினிதான்; ஆனால் விடுமுறையில் தன்னார்வலனாகப் பறவைக் கணக்கெடுப்புக்கெல்லாம் போகிறான். நண்பனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். "எட்டு வயசுல முதுமலைல டைகர் பாத்தேன்டா. அதுல வந்த கிறுக்குதான் இது." போனை வைத்ததும் உட்காரச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டு, சொல்லிவிட்டேன். வேன், கடமான், இருந்துச்சு போயிடுச்சு, மாமா போன், காது, பாலம், எல்லாமே நான் கட்டியது என்று. அவனைப் பொய் சொல்ல வைத்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். அப்பா பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. வார்த்தை தடுமாறியது.

அவன் அதிர்ச்சி அடையவில்லை, கோபப்படவும் இல்லை. சிரித்தான். "நீங்க பாக்கலைன்னு எனக்கு அப்பவே தெரியும்பா. நீங்க அந்தப் பக்கம் டிரைவரைப் பாத்துக்கிட்டிருந்தீங்க. நான் பாத்தேன்."

"எதைப் பாத்த?"

"காது திரும்புச்சுல்ல?"

அது நான் கண்டுபிடித்த காதுடா என்றேன். ஏதோ ஜிம் கார்பெட் படித்த ஞாபகத்தில் சேர்த்தது என்றேன். அவன் கேட்கவில்லை. புதர் அசைந்த இடம், செடியில் இருந்த பூவின் நிறம், பக்கத்தில் கிடந்த காய்ந்த மூங்கில் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். பூவையும் மூங்கிலையும் பற்றி நான் யாரிடமும் சொன்னதாக நினைவில்லை. ஆனால் பத்து வருஷமாகச் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் ஒன்று சேர்த்திருப்பேன். எதைச் சேர்த்தேன் என்று எனக்கே இப்போது தெரியவில்லை. அவன் மனசில் நான் ஒரு புலியை வைத்துவிட்டேனா, அல்லது அவன் பார்த்ததை நான் திருடிச் சொல்லிக்கொண்டிருந்தேனா?

மனைவியிடம் கேட்டேன். "ஜன்னல் பக்கம் அவன்தானே உக்காந்திருந்தான்" என்றாள். அடுப்பில் அன்று பால் எதுவும் இல்லை.

பொறுப்பாசிரியரிடம் பழைய கட்டுரைக்குத் திருத்தம் போட முடியுமா என்று கேட்டேன். இத்தனை வருஷம் கழித்து யார் கேட்கப்போகிறார்கள், அதற்குப் பதில் இதையே எழுதிக் கொடுங்கள் என்றார். வனவரின் அஞ்சலட்டையைத் தேடி எடுத்து, அதிலிருந்த முகவரிக்கு முதலில் ஒரு கடிதம் போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மச்சானுக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. வருகிற ஏப்ரலில் எல்லாரும் சேர்ந்து முதுமலை போகலாம், அந்தப் பாலத்தைக் காட்டுங்கள் மாப்ள என்று அறை பதிவு செய்திருக்கிறார். அவர் இந்த இதழுக்கு ஆயுள் சந்தாதாரர்.